அலர்ஜி டாக்டரிடம் போகும் முன் நாங்கள் செய்த தவறுகள்

மகளுக்கு ஒன்பது மாதத்தில் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் எக்ஸிமா என்ற அரிப்புத் தடிப்பு. தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய எங்கள் சாட்ஸ்வொர்த்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நாங்களாகவே ஒரு லேப்பில் ரத்தம் கொடுத்தோம். முட்டை, கோதுமை இரண்டுக்கும் பாசிட்டிவ் என்று தாள் வந்தது. அடுத்த ஒரு வருஷம் இரண்டையும் வீட்டில் தொடவே விடவில்லை.

ஒருவழியாகக் குழந்தைகளுக்கான அலர்ஜி நிபுணரிடம் போனோம். அவர் தாளை ஓரமாக வைத்துவிட்டு, "முட்டை சேர்ந்தது எதையாவது கடைசியாக எப்போது சாப்பிட்டாள்?" என்றார். "இல்லவே இல்லை" என்றாள் என் மனைவி. பக்கத்தில் இருந்த ஆயா மெதுவாக, "நான்தான் போன மாசம் பர்த்டே கேக் ஒரு துண்டு குடுத்தேன் டாக்டர். நல்லாத்தான் இருந்தா" என்றார். என் மனைவியின் முகத்தை நான் பார்க்கவில்லை.

கோதுமை வழக்கு அந்தத் துண்டோடு முடிந்தது. முட்டைக்கு அது போதாது. அதிகச் சூட்டில் மாவோடு வெந்த முட்டையைத் தாங்கும் பிள்ளைக்கு அவித்த முட்டை ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதனால் இன்னொரு நாள் கிளினிக்கிலேயே உட்காரவைத்து, துளியில் தொடங்கி, இடைவெளி விட்டு அளவைக் கூட்டி அவித்த முட்டை கொடுத்தார்கள். கடும் அலர்ஜி வந்தால் உடனே போடும் அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. இந்தச் சோதனையை வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

ரத்தத்தில் ஒரு உணவுக்கு எதிரான ஐஜிஇ (அலர்ஜியோடு சம்பந்தப்பட்ட எதிர்ப்பொருள்) இருந்தால் உடல் அந்த உணவை அடையாளம் கண்டிருக்கிறது என்றுதான் பொருள். சாப்பிட்டால் ஒவ்வாது என்று பொருளில்லை. ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருளைப் பார்த்து நீண்ட பட்டியல் தரும் பரிசோதனைகளுக்கு அந்த மதிப்பும் கிடையாது. எக்ஸிமா உள்ள பிள்ளைக்கு ஒத்துக்கொண்டிருந்த உணவைக் காரணமில்லாமல் நிறுத்தினால், பிறகு அதற்கே நிஜ அலர்ஜி வரவும் கூடும். லண்டனில் 640 கைக்குழந்தைகளை வைத்து நடந்து 2015-இல் வெளியான லீப் ஆய்வில், நிலக்கடலையைச் சீக்கிரமே ஊட்டிய பிள்ளைகளுக்குக் கடலை அலர்ஜி வெகுவாகக் குறைந்தது. இந்த டாக்டர் உணவைப் பிடுங்குவார் என்று நினைத்துப் போனோம்; அவர் செய்தது பெரும்பாலும் திருப்பிக் கொடுக்கிற வேலை.

தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு முதல் நாள் அரிப்புக்கான சிரப் கொடுத்துவிட்டுப் போய் ஒரு பயணத்தை வீணாக்கினோம். அந்த மருந்தை ஐந்து முதல் ஏழு நாளுக்கு முன்பே நிறுத்தவேண்டும். ஆஸ்துமா பம்பை மட்டும் நிறுத்தாதீர்கள்.

ஆபத்தான தவறு வேறு. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் மூச்சு இழுக்கிறது, குரல் கம்முகிறது, பிள்ளை துவண்டு போகிறது என்றால் சிரப்பைத் தேடக்கூடாது. தொடையின் வெளிப்பக்கத்தில் அட்ரினலின் போடவேண்டும். பிள்ளையைப் படுக்க வைக்கவேண்டும், எழுந்து நடக்க விடக்கூடாது. மூச்சுத் திணறினால் உட்காரலாம். ஆம்புலன்ஸை உடனே கூப்பிடுங்கள்.

இதே நிபுணர்களில் பலர் நோய் எதிர்ப்புக் குறைபாட்டையும் பார்க்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஒரே வருஷத்தில் இரண்டு முறை நிமோனியா, நான்கு முறை காதுத் தொற்று, மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தும் அசையாத தொற்று, ஏறாத எடை இவையெல்லாம் அங்கே கொண்டுபோக வேண்டிய அடையாளங்கள். இந்த நாட்டில் முதலில் எச்ஐவி பார்ப்பார்கள், அது சரிதான். நெகட்டிவ் என்றதும் நிம்மதியாகத் திரும்பிவிடுவதுதான் தவறு. பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடையில் விற்கும் 'இம்யூன் பூஸ்டர்' பாட்டில் உதவாது. குடும்பத்தில் முன்பு ஒரு கைக்குழந்தை தொற்றால் இறந்திருந்தால் பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். இங்கே பிறந்ததும் போடும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியில் பலவீனமாக்கிய உயிருள்ள கிருமி இருக்கிறது. கடுமையான குறைபாடு உள்ள குழந்தைக்கு அதுவே உடம்பெங்கும் பரவும் நோயாகலாம்.

போகும்போது பிள்ளையின் எடையும் தடுப்பூசியும் குறித்துவைக்கும் ரோடு டு ஹெல்த் புத்தகம், தடிப்பை எடுத்த போன் படங்கள், பிள்ளைக்கு உண்மையிலேயே ஊட்டுகிறவர் மூன்றும் வேண்டும். எங்கள் வீட்டில் அது ஆயா. புத்தகத்தில் எப்போதோ யாரோ 'பென்சிலின் அலர்ஜி' என்று எழுதியிருந்தால் அதையும் எடுத்துக் கேளுங்கள். அப்படி முத்திரை விழுந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குச் சோதித்துப் பார்த்தால் அந்த அலர்ஜி இருப்பதில்லை.