குழந்தையின் கவனத்தை வீடே கலைக்கும் தவறுகள்

"என் பிள்ளை டிவியே பார்ப்பதில்லை, பாட்டிதான் சீரியல் பார்ப்பார்" என்பார்கள். சிக்கல் அங்கேதான். 2008-இல் அமெரிக்காவில் 1 முதல் 3 வயதுக் குழந்தைகளை விளையாடவிட்டு, பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சி ஒன்றை அறையில் ஓடவிட்டார்கள். பிள்ளைகள் திரையை எப்போதாவதுதான் பார்த்தார்கள். ஆனாலும் ஒரே பொம்மையோடு இருந்த நேரம் குறைந்துபோனது. சத்தம் திடீரென மாறும்போதெல்லாம் தலை தானாகத் திரும்பும். விட்ட இடத்தைப் பிடிக்க அந்த வயதில் தெரியாது, வேறொன்றை எடுத்துவிடும்.

அடுத்தது, நாமே கலைப்பது. குழந்தை மும்முரமாகக் கட்டை அடுக்கும்போது "இது என்ன கலர், எத்தனை இருக்கு?" என்று பரீட்சை வைப்போம், நடுவில் ஒரு வாய் சோறும் ஊட்டுவோம். பக்கத்தில் உட்கார்ந்து, அது பார்ப்பதையே நீங்களும் பாருங்கள், போதும். ஒரு வயதுக் குழந்தைகள்கூட, பெற்றவர் தன்னோடு சேர்ந்து பார்த்த பொம்மையை, அவர் பார்வையை எடுத்த பிறகும் விடாமல் பார்க்கிறார்கள். கையில் போன் இருந்தால் இது நடக்காது.

பொம்மைகளைக் கூடையோடு கொட்டாதீர்கள். ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயதுப் பிள்ளைகளிடம் 16 பொம்மைகளுக்குப் பதில் 4 மட்டும் கொடுத்தபோது ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம் விளையாடினார்கள். மிச்சத்தைப் பரண்மேல் வைத்து வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

"படிக்காத குடும்பம், அப்படித்தான் இருக்கும்" என்பது எல்லாவற்றிலும் மோசமான தவறு. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கதைகளைப் போட்டு, ஒன்றை மட்டும் கேட்கச் சொன்னார்கள். தாய்மார் அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைகள் வேண்டிய கதையை மற்றவர்களைப் போலவே கேட்டார்கள். வேண்டாததை ஒதுக்குவதில்தான் பின்தங்கினார்கள். அந்தக் குழுவே 2013-இல் வெளியிட்ட ஆய்வில், வருமானம் குறைந்த வீடுகளின் 141 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குப் பெற்றோரையும் சேர்த்து 8 வாரம் பயிற்சி கொடுத்ததும் கவனம் தேறியது. ஒற்றை அறை வீடானாலும் மாலையில் அரை மணி நேரம் டிவியை நிறுத்தலாம். வேறெதுவும் கண்ணில் படாதபடி குழந்தையைச் சுவரைப் பார்த்து உட்காரவைக்கலாம்.

துறுதுறுப்பை அடித்து அடக்குவதற்கு முன் தூக்கத்தைக் கணக்கிடுங்கள். 3, 4 வயதில் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். இரவு 11 மணிக்குப் படுத்து 7 மணிக்கு எல்கேஜி வேனுக்குக் கிளம்பினால் எட்டுகூட தேறாது. இரத்தசோகையும் இருக்கலாம்: 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு அது உண்டு. 2 வயதைத் தாண்டிய பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் மருத்துவரைப் பாருங்கள். சாப்பாட்டோடு டீ கொடுத்தால் கீரையிலுள்ள இரும்புச்சத்து சரியாக உடம்பில் சேராது.

கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையை அடம் என்று திட்டாமல் முதலில் காதைப் பரிசோதியுங்கள். அடிக்கடி சளி பிடித்தால் காதுக்குள் நீர் கோத்துக் கேட்கும் திறன் மங்கும்.