ராயபுரம் தூண்களும் பனோரமா தலையும்

1856-இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண் வரிசையைப் பனோரமாவாக, அதாவது பல படங்களை ஒட்டி ஆக்கும் அகன்ற படமாக எடுக்க, முக்காலியின் அடியையே மட்டம் பாருங்கள். முக்காலியின் மேல் கேமராவைத் தாங்கிச் சுழலும் பனோரமா தலையில் கேமராவை நெடுக்காக மாட்டி, லென்ஸின் நடுவைச் சுழல் அச்சுக்கு நேர் மேலே நிறுத்துங்கள்.

படங்கள் பிசிறின்றி ஒட்ட, அடுத்ததுதான் உயிர்நாடி. அருகிலுள்ள தூணின் விளிம்பைத் தொலைவிலுள்ள கம்பத்தோடு நேர்கோட்டில் வைத்து, பனோரமா தலையை வலப்பக்கம் திருப்புங்கள். தூண் கம்பத்துக்கு இடப்பக்கமாக விலகினால் கேமராவைப் பின்னுக்குத் தள்ளுங்கள். வலப்பக்கமாக விலகினால் முன்னுக்கு. இரண்டும் ஒட்டியே நிற்கும்போது கேமரா முன்பின் நகரும் தண்டின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜூம் மாற்றினால் அந்த அளவும் மாறும். அதனால் எனக்கு ஜூம் லென்ஸே பிடிக்காது.

வெளிச்ச அளவு, ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை எல்லாம் கைமுறையில். முழுச்சட்டக் கேமராவில் (36×24 மி.மீ. சென்சார் கொண்டது) 24 மி.மீ. லென்ஸ் என்றால் 30 பாகைக்கு ஒன்றாக 12 படங்கள் முழு வட்டத்துக்குப் போதும். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் ஆடும்; அங்கே மளமளவென எடுத்துவிடுங்கள்.