வகுப்பில் மரியாதை வளர நான் செய்து பார்த்தவை

22 வருடமாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியர்கள் என்னிடம் அதிகம் கேட்பது பாடத்தைப் பற்றி அல்ல. "பசங்க மதிக்கவே மாட்டேங்கிறாங்க, என்ன செய்யறது?" என்றுதான் கேட்கிறார்கள். மரியாதையை முதலில் கொடுக்க வேண்டியது நாம்தான், அதுவும் பிள்ளை தப்பு செய்து நிற்கும் நேரத்தில் என்பதுதான் என் பதில். அதை எப்படிக் கொடுப்பது என்று சொல்கிறேன்.

முதல் வாரத்திலேயே எல்லோருடைய பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள். 40 பேர் என்றால் 40 பெயர். யார் எங்கே உட்காருகிறார்கள் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிப் பாடப்புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வேன். ஒரு நாளைக்கு ஒரு வரிசை மனதில் பதியும். ஒரு வருடம் ஒரு மாணவியை மூன்று வாரம் அவளுடைய அக்கா பெயரைச் சொல்லியே கூப்பிட்டிருக்கிறேன். அக்காவும் என்னிடம் படித்தவள், முகச்சாயல் அப்படி. இவள் ஒரு நாளும் திருத்தவில்லை. எழுந்து பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். டெஸ்ட் பேப்பரில் பெயரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. "ஏம்மா சொல்லவே இல்லை?" என்றேன். "பரவாயில்லை மிஸ், எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றாள். அந்தப் 'பரவாயில்லை' எனக்கு இன்னும் வலிக்கிறது.

பெயரைப் போலவே கூப்பிடும் விதமும். 'டேய், எழுந்திரு' என்றாலும் எழுந்துகொள்வான், 'எழுந்திருப்பா' என்றாலும் எழுந்துகொள்வான். ஆனால் இரண்டாவதில் நிமிர்ந்து நிற்பான். நாளைக்கே கவனித்துப் பாருங்கள்.

அப்புறம், கேள்வி கேட்டால் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். அதை 3 விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். இதைப் படித்த பிறகு நான் கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ண ஆரம்பித்தேன். முதலில் அந்த மௌனம் தாங்கவே முடியாது. தாங்குங்கள்.

கடைசி பெஞ்சில் ஒரு பையன். மூன்றில் ஒன்று பெரியதா, நான்கில் ஒன்று பெரியதா என்று கேட்டேன். எண்ணி முடிப்பதற்குள் "நான்கில் ஒன்று" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். "எப்படி யோசிச்சே?" என்று கேட்டேன். "மூணை விட நாலு பெரிசு மிஸ்." அதை அப்படியே கரும்பலகையில் எழுதி, "இந்த யோசனை நிறையப் பேருக்கு வரும், சரிபார்த்துடலாம்" என்று ஒரே அளவில் இரண்டு தாள்களை அவன் கையில் கொடுத்தேன். ஒன்றை மூன்றாக மடித்தான், இன்னொன்றை நான்காக. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, "நாலா மடிச்சா சின்னதாயிடுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சிரித்தவர்களும் தாள் கேட்டார்கள். தப்பான பதிலை நாம் எப்படி வாங்கிக்கொள்கிறோம் என்பதை மொத்த வகுப்பும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கண்டிப்பதும் அப்படித்தான். ஜேக்கப் கௌனின் என்ற உளவியலாளர் தன் கல்லூரி வகுப்பில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரைக் கடிந்துகொண்டபோது, சம்பந்தமே இல்லாத மற்றவர்களின் நடத்தையும் சட்டென்று மாறியதைக் கவனித்தார். அதிலிருந்துதான் அவருடைய ஆராய்ச்சி தொடங்கியது. ஒருவரைத் திட்டினால் முப்பது பேருக்கும் விழுகிறது. அதனால் பக்கத்தில் போய், குரலைத் தணித்து, இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். செய்ததைப் பற்றிப் பேசுங்கள். 'நீ எப்பவுமே இப்படித்தான்' என்பது மட்டும் வேண்டாம். மறுநாள் காலையில் அந்தப் பேச்சு முடிந்துபோயிருக்க வேண்டும்.

ஒட்டவே மறுக்கும் பிள்ளை ஒருவராவது இருப்பார். தினமும் 2 நிமிடம், தொடர்ந்து 10 நாள், பாடத்தைத் தவிர வேறு எதைப் பற்றியாவது அவரிடம் பேசுங்கள். நான்காவது நாள் வரை ஒற்றை வார்த்தையில்தான் பதில் வரும். விட்டுவிடாதீர்கள்.

அதற்காக நண்பராகிவிட முயல வேண்டாம். அவர்களுக்கு நண்பர்கள் இருக்கிறார்கள். சொன்ன தேதியில் பேப்பர் திருத்திக் கொடுக்கிற, எல்லோருக்கும் ஒரே விதியை வைக்கிற பெரியவர்தான் அவர்களுக்கு வேண்டும்.

கடைசியாக, மன்னிப்பு. ஒருமுறை இரண்டு பேருடைய நோட்டில் ஒரே வரியில் ஒரே தப்பு இருந்தது. "யாரைப் பார்த்து யார் எழுதினீங்க?" என்று வகுப்பு முன்னாலேயே கேட்டுவிட்டேன். இருவரும் தலைகுனிந்து நின்றார்கள். அன்று இரவு மற்ற நோட்டுகளைத் திருத்தினால், இன்னும் ஆறு பேருடையதில் அதே தப்பு. கரும்பலகையில் மைனஸ் போட வேண்டிய இடத்தில் பிளஸ் போட்டது நான். ஆசிரியர் அறையில் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் குற்றம் சாட்டியது எல்லோர் முன்னிலையிலும். அதனால் மறுநாள் அதே கரும்பலகை முன்னால் நின்று, "தப்பு என்னோடது. உங்க ரெண்டு பேர் மேலயும் சந்தேகப்பட்டது அதைவிடப் பெரிய தப்பு. மன்னிச்சுக்கோங்க" என்றேன். ஒரு சத்தமும் இல்லை.

அடுத்த வாரம் ஒரு சமன்பாட்டை எழுதிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "மிஸ், அங்க மைனஸ் வரணும்." திரும்பிப் பார்த்தேன். அந்த இருவரில் ஒருவன்தான். சாக்பீஸை அவனிடமே கொடுத்தேன்.