கொங்கு ஏழு தலங்கள்: ரயிலிலும் பஸ்ஸிலும் மூன்று நாளில்

அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, கொடுமுடி, கரூர், வெஞ்சமாங்கூடலூர். தேவாரம் பாடிய கொங்குத் தலங்கள் இந்த ஏழும்தான். தூரம் ஒரு பொருட்டே இல்லை. திட்டம் கெடுவது நடை சாத்தும் நேரத்தால்தான். பெரும்பாலும் பகல் 12, 12.30-க்குச் சாத்தினால் 4 மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். அதனால் காலையும் பொழுது சாயும் வேளையும் கோயிலுக்கு, உச்சி வெயில் பயணத்துக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பை 30 லிட்டருக்குமேல் வேண்டாம். டவுன் பஸ்ஸில் பெரிய பைக்கு இடம் இருக்காது. ஒரு வேட்டி அல்லது புடவை, துண்டு, தண்ணீர் பாட்டில், சிறு பூட்டு. பூட்டு எதற்கென்றால், ரயில் நிலையக் கிளாக் ரூமில் பூட்டாத பையை எடுக்க மாட்டார்கள். டிக்கெட்டும் காட்ட வேண்டும். பத்து, இருபது ரூபாய்த் தாள்களாகச் சில்லறை வைத்திருங்கள்.

முதல் நாள். சென்னையிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் விடிகாலையில் திருப்பூர். அங்கிருந்து அவிநாசி பஸ்ஸில் 8 கிலோமீட்டரில் பூண்டி. சுந்தரர் பொருளைப் பறிகொடுத்துப் பாடிய ஊர். சாலையோரச் சிற்பக்கூடங்களில் இன்றைக்கும் உளிச்சத்தம் கேட்கும். இன்னும் 5 கிலோமீட்டர் போனால் அவிநாசி. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட தலம். இரண்டையும் பதினொன்றரைக்குள் முடித்துவிடலாம்.

கோவையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். சேலம் பஸ்கள் பலவும் பைபாஸிலேயே போய்விடும். ஏறும்போதே கண்டக்டரிடம் “அவிநாசி ஊருக்குள்ள போகுங்களா?” என்று கேளுங்கள். பவானிக்கும் இதே கதைதான்: நெடுஞ்சாலை பஸ் லட்சுமி நகரில் இறக்கிவிடும், கோயிலுக்கு இன்னொரு பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும்.

மதியம் திருப்பூருக்குத் திரும்பி ரயிலில் ஈரோடு வந்து, அறையில் பையைப் போட்டுவிட்டுப் பவானிக்குப் போங்கள். 15 கிலோமீட்டர், டவுன் பஸ் உண்டு. காவிரியும் பவானியும் கூடும் இடத்தில் சங்கமேஸ்வரர். கோவை கலெக்டராக இருந்த வில்லியம் கேரோ 1804-ல் கொடுத்த தந்தக் கட்டில் இந்தக் கோயிலில் இருக்கிறது. அவர் வெளியே நின்று அம்மனைப் பார்க்க மதிலில் போட்ட துளைகளையும் கேட்டுப் பாருங்கள். அமாவாசையிலும் ஆடிப்பெருக்கிலும் கூடுதுறையில் கால் வைக்க இடமிருக்காது. மேட்டூரில் உபரிநீர் திறந்திருந்தால் குளிக்க விடமாட்டார்கள்.

இரண்டாம் நாள் திருச்செங்கோடு. ஈரோட்டிலிருந்து 20 கிலோமீட்டர். முதல் பஸ்ஸையே பிடியுங்கள். வெயில் ஏறினால் பாறைப்படி காலைச் சுட்டுவிடும். மலைக்கு வண்டிப்பாதை இருந்தாலும் ஏறும்போது படியில் போங்கள், சுமார் 1200 படி. பாதி வழியில் பாறையிலேயே செதுக்கிய 60 அடி நாகம் வளைந்து நெளிந்து கிடக்கும். அதன் உடம்பெங்கும் மஞ்சளும் குங்குமமும் அப்பி, தொட்டால் விரலில் ஒட்டும். வண்டியில் போனால் இதைப் பார்க்க முடியாது. அந்தக் காலத்தில் மக்கள் சத்தியம் செய்ய வந்த அறுபதாம்படியும் இந்த வழியில்தான். மேலே ஆண்பாதி பெண்பாதியாக நிற்கும் திருமேனி. முட்டி வலி உள்ளவர்கள் மட்டும் இறங்கும்போது பஸ்ஸில் வாருங்கள். தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள், குரங்கு பறித்துவிடும்.

மதியம் ஈரோட்டுக்குத் திரும்பி, கரூர் வழியில் போகும் ரயிலில் கொடுமுடி. பாசஞ்சர் டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறினால் வித்தியாசக் கட்டணத்தோடு அபராதமும் கட்ட வேண்டும். முன்பதிவில்லா டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்து வைப்பதிலும் பயனில்லை. 200 கிலோமீட்டருக்குள் என்றால் மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். ரயில் போய்விட்டால் கொடுமுடி வழியாகப் போகும் கரூர் பஸ் இருக்கிறது.

கொடுமுடியில் ஒரே வளாகத்தில் மும்மூர்த்திகளும், பிரம்மா வன்னிமரத்தடியில். பழனிக்குத் தீர்த்தக்காவடி எடுப்பவர்கள் இங்கே காவிரித் தண்ணீர் மொண்டு, கெடாமல் இருக்க வன்னி இலையைப் போட்டுக்கொண்டு நடப்பார்கள். பங்குனியில் வந்தால் அந்தக் கூட்டத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு கரூரில் தங்குங்கள்.

மூன்றாம் நாள் வெஞ்சமாங்கூடலூரை முதலில் வையுங்கள். கரூரிலிருந்து நேர் பஸ் குறைவு. முந்தின இரவே பஸ் ஸ்டாண்டில் போகும் நேரம், திரும்பும் நேரம் இரண்டையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பும் பஸ்ஸை விட்டவர்கள் வெயிலில் காத்துக்கிடக்க வேண்டும். குடகனாற்றங்கரைக் கோயில், 1977 வெள்ளத்தில் சிதைந்து, பிறகு எடுத்துக் கட்டியது. மாலை கரூர் பசுபதீஸ்வரர் கோயில். ஊருக்குள்ளேயே இருக்கிறது, நிதானமாகப் பார்க்கலாம். கருவூர்த்தேவர் சன்னதியை விட்டுவிடாதீர்கள். அன்று பிரதோஷமாக இருந்தால் நாலு மணிக்கு நடை திறந்ததுமே உள்ளே போய்விடுங்கள். ஐந்தாகிவிட்டால் நந்தியைச் சுற்றிக் கூட்டம் அடைத்துக்கொள்ளும்.