வயிற்று ஸ்கேனுக்கு முன் ஏன் பட்டினி?

வயிற்று அல்ட்ராசவுண்டுக்கு முன் 6 முதல் 8 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கச் சொல்வது சம்பிரதாயத்துக்கு அல்ல. சாப்பிட்டதும் பித்தப்பை சுருங்கிவிடும். சிறு கற்கள் கண்ணில் படாமல் போகலாம். சுருங்கிய சுவர் தடித்ததுபோலத் தெரிந்து வீண் சந்தேகத்தையும் கிளப்பும். குடலில் வாயு இருந்தால் ஒலி அலை அதைத் தாண்டாது, கணையம் மறைந்தே போகும். அதனால் சூயிங்கம், சோடா, சிகரெட் வேண்டாம். தண்ணீர் மட்டும் பெரும்பாலும் பரவாயில்லை.

அடிவயிற்றையும் பார்ப்பதென்றால், ஒரு மணி நேரம் முன்பே முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கி வையுங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கித் தள்ளும்; பெண்களுக்குக் கருப்பையும் ஆண்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பியும் தெளிவாகத் தெரியும்.

நீரிழிவு உள்ளவர்கள் காலையில் முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். இன்சுலின், மாத்திரை பற்றி மருத்துவரிடம் முந்தைய நாளே கேட்டுவிடுங்கள்.

பழைய ஸ்கேன் இருந்தால் ரிப்போர்ட்டை மட்டுமல்ல, படத்தையும் கொண்டுபோங்கள்.