கம்ப்யூட்டர் மந்தமா? குக்கீயைத் தொடாமல் குப்பையை அள்ளுவது எப்படி

கம்ப்யூட்டர் இழுக்க ஆரம்பித்ததும் பலரும் முதலில் கை வைப்பது குக்கீயில்தான், அதாவது நீங்கள் லாகின் செய்தது போன்றவற்றை நினைவில் வைக்க இணையதளங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பில். பாவம், அதன்மேல் தப்பே இல்லை. ஒரு குக்கீ ஏறக்குறைய 4 கேபியைத் தாண்டாது. ஆயிரம் சேர்ந்தாலும் செல்போனில் எடுத்த ஒன்றிரண்டு படங்களின் அளவுதான். இடத்தை அடைப்பது பிரவுசரின் கேஷும் (பக்கங்கள் சீக்கிரம் திறக்க அது சேமித்து வைக்கும் படங்களும் ஃபைல்களும்) விண்டோஸின் டெம்ப் ஃபைல்களும் (புரோகிராம்கள் தற்காலிகமாக எழுதிவிட்டுப் போகும் ஃபைல்கள்).

குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அழிக்கும் பெட்டி வரும். கால அளவில் ‘ஆல் டைம்’ (ஃபயர்ஃபாக்ஸில் ‘எவ்ரிதிங்’) வைத்து, கேஷுக்கு மட்டும் டிக் போடுங்கள். குக்கீ டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் எல்லாத் தளங்களிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும். பாஸ்வேர்டு டிக்கை இரண்டு முறை பாருங்கள். கம்ப்யூட்டர் பிரவுசரையும் போன் பிரவுசரையும் ஒன்றாக வைத்திருக்கும் சிங்க் வசதி ஓடிக்கொண்டிருந்தால், இங்கே அழிப்பது போனிலும் அழியும். ஏதோ ஒரு தளம் மட்டும் லாகினில் சுற்றிச் சுற்றி வந்தால், முகவரிக்கு இடப்பக்கம் உள்ள ஐகானைத் தட்டி அந்தத் தளத்தின் குக்கீயை மட்டும் நீக்கினால் போதும்.

கேஷை வாராவாரம் துடைப்பதும் வீண்தான். சேமித்த படங்களை எல்லாம் பிரவுசர் மறுபடி இறக்க வேண்டும் என்பதால், முதல் தடவை பக்கங்கள் இன்னும் மெதுவாகவே திறக்கும்.

டெம்ப் ஃபைல்களில்தான் உண்மையான குப்பை. ஏதாவது இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் பாக்கி இருந்தால் அதை முதலில் முடியுங்கள். பாதியில் நிற்கும் இன்ஸ்டாலரின் ஃபைல்களும் அங்கேதான் கிடக்கும். ஜிப் ஃபைலை விரிக்காமல், உள்ளிருந்தபடியே ஒரு டாக்குமென்டைத் திறந்திருந்தால் அதுவும் டெம்பில்தான் இருக்கும். வேறு இடத்தில் சேமித்துவிட்டு எல்லா புரோகிராமையும் மூடுங்கள். பிறகு விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, டெம்ப் என்ற சொல்லை ஆங்கிலத்தில், முன்னும் பின்னும் % குறி போட்டு அடித்து என்டர் தட்டுங்கள். % இல்லாமல் அடித்தால் திறப்பது விண்டோஸின் பொது டெம்ப் ஃபோல்டர், உங்களுடையது அல்ல. கண்ட்ரோல் ஏ, பிறகு டெலீட். ‘ஃபைல் இன் யூஸ்’ என்று வந்தால் மல்லுக்கு நிற்காதீர்கள். ‘எல்லாவற்றுக்கும் இதையே செய்’ என்பதில் டிக் போட்டு ஸ்கிப் கொடுங்கள். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யும்வரை இடம் திரும்பாது.

மிச்சத்துக்கு செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்றும் ஒரு பெட்டி இருக்கும். அதில் டிக் இருந்தால் நீங்கள் இறக்கி வைத்த எல்லாமே போய்விடும். ‘பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்’ பல ஜிபி தரும். ஆனால் அழித்த பின் பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை. பிரீஃபெட்ச் ஃபோல்டரை அழிக்கச் சொல்லும் அறிவுரையைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். புரோகிராம்கள் சீக்கிரம் திறப்பதற்காக விண்டோஸ் எழுதி வைத்த குறிப்புகள் அவை.

சி டிரைவில் ஏற்கெனவே பாதி இடம் காலி என்றால் இத்தனையும் செய்து வேகம் கூடாது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் மெமரியைத் தின்பது எது என்று பாருங்கள். பிரவுசர்தான் என்றால், குரோமுக்குள் ஷிஃப்ட் எஸ்கேப் அழுத்துங்கள். எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் நீங்கள் சேர்த்த கூடுதல் கருவி) என்று பெயரோடு காட்டும்.