கும்பகோணத்திலிருந்து சான்பிரான்சிஸ்கோ: எகானமி வகுப்பில் பசிபிக்கைத் தாண்டுவது எப்படி?

மகள் சன்னிவேலில் இருக்கிறாள். இரண்டு தடவை போய் வந்தாயிற்று. முதல் தடவை நானும் மனைவியும், இரண்டாம் தடவை 74 வயது அம்மாவையும் கூட்டிக்கொண்டு. முதல் பயணத்தில் செய்யக்கூடாத எல்லாவற்றையும் செய்தேன். வீங்கிய கால் ஷூவுக்குள் நுழையாமல், குதிகாலை வெளியே விட்டு மிதித்துக்கொண்டு சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் நொண்டி நொண்டி நடந்தேன். இரண்டாவது பயணம் சுகமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இறங்கிய அன்று மாலையே பேரனைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போக முடிந்தது. இடையில் எதையெல்லாம் மாற்றினேன் என்று எழுதிவைக்கிறேன். பாஸ்போர்ட், விசா எல்லாம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நியூயார்க், நியூஜெர்சி பக்கம் போகிறவர்களுக்கு வளைகுடா வழியோ ஐரோப்பா வழியோ சரி. கலிபோர்னியா போகிற காவிரி டெல்டாக்காரர்களுக்கு என் சிபாரிசு திருச்சி, சிங்கப்பூர், அங்கிருந்து பசிபிக். ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போய், முதுகை அங்கேயே செலவழித்துவிட்டு விமானம் ஏற வேண்டாம்.

படி 1: டிக்கெட் (இங்கேதான் நான் விழுந்தேன்)

திருச்சியிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை ஒரே டிக்கெட், ஒரே பிஎன்ஆர். இதை மட்டும் எனக்காகக் கேளுங்கள்.

முதல் தடவை நான் புத்திசாலித்தனமாக, திருச்சி–சிங்கப்பூர் ஒரு மலிவு விமானத்திலும், சிங்கப்பூர்–சான்பிரான்சிஸ்கோ வேறொரு விமானத்திலும் தனித்தனியாக எடுத்தேன். ஆளுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் மிச்சம் என்று வீட்டில் பெருமை வேறு. பசிபிக் தாண்டும் விமானத்தில் ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி அனுமதி. அந்தக் கணக்கில் நான்கு பெட்டியும் கட்டியாயிற்று. திருச்சி கவுண்டரில் போனால், முதல் விமானத்தில் நான் வாங்கியிருந்தது ஆளுக்கு 20 கிலோ மட்டும். மீதிக்குக் கிலோ கணக்கில் பணம் கட்டினேன். மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்து, மேலே கையிலிருந்தும் போனது.

அதோடு விட்டதா? பெட்டி சிங்கப்பூர் வரைதான் போகும் என்றார்கள். அப்படியென்றால் சிங்கப்பூரில் குடியேற்றச் சோதனை தாண்டி, அந்த நாட்டுக்குள் நுழைந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். நுழைய விசா? இந்தியப் பாஸ்போர்ட்டும் செல்லுபடியாகும் அமெரிக்க விசாவும் 96 மணி நேரத்துக்குள் மேற்கொண்டு போகும் டிக்கெட்டும் இருந்தால், விசா இல்லாமல் உள்ளே விட ஒரு வசதி உண்டு. ஆனால் விடுவதும் விடாததும் அங்கிருக்கும் அதிகாரியின் முடிவு. இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. சிங்கப்பூர் வருகை அட்டையை வரிசையில் நின்றபடியே போனில் நிரப்பினேன். மூன்று மணி நேரம்கூட இல்லாத இடைவெளியில் நான்கு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு இருவரும் ஓடியது இன்றைக்கும் கனவில் வருகிறது.

ஒரே டிக்கெட்டாக எடுத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. திருச்சியில் போட்ட பெட்டியை அமெரிக்காவில்தான் பார்ப்பீர்கள். கவுண்டரை விட்டு நகரும் முன் பெட்டியில் ஒட்டிய டேக்கைப் படியுங்கள். சான்பிரான்சிஸ்கோவின் குறியீடான எஸ்எஃப்ஓ (SFO) என்று இருக்க வேண்டும். சிங்கப்பூரின் எஸ்ஐஎன் (SIN) மட்டும் இருந்தால் அங்கேயே நின்று கேளுங்கள்.

சிங்கப்பூரில் இடைவெளி மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் இருப்பது நல்லது.

படி 2: இருக்கையும் சாப்பாடும்

டிக்கெட் எடுத்த கையோடு இரண்டையும் முடித்துவிடுங்கள். இருக்கை என்றால் நடைபாதை ஓரம், அவ்வளவுதான். ஜன்னலோரம் உட்கார்ந்தால் பசிபிக் தெரியும் என்று நினைக்காதீர்கள். மேகம் தெரியும், அப்புறம் இருட்டு தெரியும். பாதி நேரம் ஜன்னலை மூடச் சொல்லிவிடுவார்கள். ஏ350 ரக விமானத்தில் வரிசைக்கு 3-3-3 என்று ஒன்பது இருக்கை. இரண்டு பேர் என்றால் நடு வரிசையில் ஓரமும் அடுத்ததும் எடுங்கள். சுவரை ஒட்டிய முதல் வரிசையில் கால் நீட்டலாம், உண்மைதான். ஆனால் கைக்குழந்தைத் தொட்டில் மாட்டுகிற இடமும் அதுதான்.

சைவச் சாப்பாட்டில் ஒரு பொறி இருக்கிறது. 'வெஜிடேரியன்' என்று கண்ணில் பட்ட முதல் பெயரைத் தட்டாதீர்கள். சாப்பாட்டுக் குறியீடு விஎல்எம்எல் என்றால் முட்டையும் வரலாம். நம் ஊர்ச் சைவத்துக்கு ஏவிஎம்எல், அதாவது ஆசிய சைவம். வெங்காயம், பூண்டு, கிழங்கு வேண்டாதவர்களுக்கு விஜேஎம்எல் என்ற ஜைன சாப்பாடு. குறைந்தது இரண்டு நாள் முன்னால் பதிந்துவிடுங்கள். சிறப்புச் சாப்பாடு மற்றவர்களுக்கு முன்பே வந்துவிடும், அது ஒரு லாபம்.

வயதானவர்கள் இருந்தால் சக்கர நாற்காலியும் இப்போதே கேட்டுவிடுங்கள். கட்டணம் இல்லை. அம்மா முதலில் "நான் என்ன நடக்க முடியாதவளா?" என்று கோபித்துக்கொண்டாள். சிங்கப்பூர் விமான நிலையத்தின் நீளத்தைப் பார்த்தபிறகு வாயைத் திறக்கவில்லை.

படி 3: பெட்டி கட்டுதல்

மகளுக்குப் பிரசவ சமயம் என்று லேகியத்தைக் கைப்பையில் வைத்தேன், உடையாமல் போகட்டும் என்று. பாதுகாப்புச் சோதனையில் போயே போய்விட்டது. லேகியம், நெய், தயிர் எல்லாம் அவர்கள் கணக்கில் திரவம். கைப்பையில் ஒரு டப்பா 100 மில்லியைத் தாண்டக்கூடாது. பொடிக்கும் கணக்கு உண்டு. அமெரிக்கா போகும் விமானங்களில் 2018 முதல், 350 மில்லி அளவுக்கு மேல் பொடி கைப்பையில் இருந்தால் தனியாகப் பிரித்துச் சோதிப்பார்கள், திருப்தி இல்லாவிட்டால் விடமாட்டார்கள். அதனால் டிகிரி காபிக்கான பொடி, அங்காயப் பொடி, சாம்பார் பொடி எல்லாம் பெரிய பெட்டிக்கு. கொப்பரைத் தேங்காய் இரண்டிலும் ஆகாது. எண்ணெய் அதிகம், தீப்பிடிக்கும் என்று தடை.

கறிவேப்பிலை கொண்டு போகாதீர்கள். கொல்லையில் பறித்ததாக இருந்தாலும் சரி, காயவைத்ததாக இருந்தாலும் சரி. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கிற நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் வாழும். கலிபோர்னியாவில் அந்தப் பழத்தோட்டங்கள் ஏராளம், அதனால் கண்டிப்பாக இருக்கிறார்கள். வெற்றிலை, வாழையிலை, பழம், விதை, இறைச்சி, கோயில் மண் எதுவும் வேண்டாம். திருநீறு, குங்குமம் சின்னப் பொட்டலமாக இருந்தால் பிரச்சினை வரவில்லை. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு ஒன்றை மனைவி பிடிவாதமாக வைத்தாள். பாகம் பாகமாகக் கழற்றிப் புடவைக்குள் சுற்றி வைத்தோம், பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. எடைதான், ஒரு பெட்டியின் கால்வாசியை அதுவே தின்றுவிட்டது.

கைப்பை பெரும்பாலும் 7 கிலோ. அதில் மாத்திரைகள் (அட்டையோடு, டாக்டர் சீட்டோடு), ஒரு செட் துணி, காலி தண்ணீர் பாட்டில், பவர் பேங்க். பவர் பேங்க்கைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது. கைப்பையில் இருந்தாலும், சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் அதன் மலிவு விமானமான ஸ்கூட்டிலும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் அதை வைத்து சார்ஜ் போட அனுமதி இல்லை.

கழுத்துத் தலையணை வாங்காதீர்கள். நான் இரண்டு வாங்கி இரண்டையும் தூக்கிப் போட்டேன். ஈரிழைத் துண்டு ஒன்று போதும். சுருட்டி இடுப்புக்குப் பின்னால் வைத்தால் முதுகுவலி பாதி குறையும், விரித்தால் போர்வை, கண்ணில் போட்டுக்கொண்டால் இருட்டு.

படி 4: கிளம்பும் நாள்

கும்பகோணத்திலிருந்து திருச்சி விமான நிலையம் சுமார் 100 கிலோமீட்டர். முகூர்த்த நாளாக இருந்தால் பாபநாசம் தாண்டுவதற்குள் அரை மணி போய்விடும், ஒரு மணி நேரம் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். புது முனையம் 2024 ஜூனிலிருந்து இயங்குகிறது. இடம் விசாலம், நிற்க உட்கார வசதி.

சிங்கப்பூருக்கு நாலு மணி நேரத்துக்குச் சற்று மேலே. ராத்திரி விமானம் என்றால் அதில் தூங்க முயலாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் நடங்கள். காலைப் பிடித்துவிடும் இயந்திரங்கள் இலவசமாக இருக்கும், உட்காருங்கள். பாட்டிலில் தண்ணீர் நிரப்பிவிட வேண்டாம், கேட்டிலேயே இன்னொரு சோதனை இருக்கிறது. அதைத் தாண்டியபின் நிரப்பிக்கொள்ளலாம்.

படி 5: அந்தப் பதினைந்து மணி நேரம்

கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். மார்ச்சிலிருந்து நவம்பர் வரை கலிபோர்னியா நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். அதனால் கையில் கட்டியிருக்கும் இந்திய நேரத்தில் பகலை இரவாக்கி அரை மணியைக் கழித்தால் அங்கத்திய நேரம். குளிர்காலத்தில் ஒன்றரை மணி கழிக்க வேண்டும்.

சிங்கப்பூரில் காலை 9 மணிக்குக் கிளம்புகிற விமானம் என்றால், உங்கள் கடிகாரத்தில் காலை 6.30, கலிபோர்னியாவில் முந்தின நாள் மாலை 6. முதல் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள், ஒரு படம் பாருங்கள். கிளம்பி நாலு மணி நேரம் கழித்து அங்கே ராத்திரி 10 மணி. அப்போது துண்டைக் கண்ணில் போட்டுத் தூங்குங்கள். முதல் விமானத்தில் விழித்திருந்தால்தான் இந்தத் தூக்கம் வரும். நான் முதல் தடவை திருச்சியிலிருந்தே குறட்டை விட்டுவிட்டு, பசிபிக் முழுக்கக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு போனேன்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். அதனால் முறுக்குப் பாக்கெட் ஊதிக்கொள்ளும், வயிறும் அப்படியே. சுண்டல், கடலை, சோடா வேண்டாம். காற்றும் ரொம்ப உலர்ந்தது, தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடியுங்கள். நாக்கும் மரத்துப்போகும், அவர்கள் கொடுக்கிற பருப்பில் உப்பே இல்லாதது போலிருக்கும். அதற்கு நான் கண்ட மருந்து காய்ந்த உப்பு நார்த்தங்காய், நாலு துண்டு. புளியோதரையும் கொண்டு போகலாம். இரண்டையும் விமானத்திலேயே தின்று தீருங்கள், மிச்சத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

கால் விஷயம். ஷூ வேண்டாம், பட்டையைத் தளர்த்திக் கட்டுகிற செருப்பு. உட்கார்ந்தபடியே குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குங்கள், பிறகு மாற்றிச் செய்யுங்கள். இருபது தடவை, மணிக்கு ஒருமுறை. விழித்திருக்கும்போது இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து பின்பக்கம் வரை நடங்கள். இறுக்கமான காலுறை எனக்கு உதவியது. ஆனால் சர்க்கரை, நரம்புச் சுருட்டல், ரத்தம் உறைந்த சரித்திரம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். கழிவறைக்கு வெறுங்காலுடனோ காலுறையுடனோ போகாதீர்கள். தரையில் இருக்கிற ஈரம் தண்ணீர் இல்லை.

பொழுது போகாதபோது திரையில் வழியைப் பாருங்கள். நேராகப் போகாமல் ஜப்பான் பக்கம் வளைந்து போவதைப் பார்த்து விமானி வழி தவறிவிட்டார் என்று அம்மா பயந்தாள். வீட்டிலிருக்கும் உலக உருண்டையில் சிங்கப்பூருக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது தானாக அப்படித்தான் மேலே ஏறும். போகும்போது மேலைக்காற்று பின்னாலிருந்து தள்ளும். திரும்பும்போது எதிர்த்து வருவதால் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கூடும், வெள்ளத்தில் பரிசல் விடுகிற கதை.

படி 6: இறங்கியதும்

வந்த காரணம், தங்கும் இடம், திரும்பும் நாள், இவ்வளவுதான் கேட்பார்கள். மகளின் முகவரியைத் தாளில் எழுதி வையுங்கள், போனை நம்பாதீர்கள். உணவுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால் 'ஆமாம், பொடி, ஊறுகாய்' என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் பார்த்துவிட்டு விடுவார்கள். மறைத்துப் பிடிபட்டால் அபராதம் நூற்றுக்கணக்கான டாலர்.

அன்று மாலை இருட்டும்வரை படுக்காதீர்கள். மகள் கெஞ்சினாலும்.

பின்சேர்க்கை 1: சான்பிரான்சிஸ்கோவில் இறங்கி டல்லாஸுக்கு மாறுகிற ஒருவர், "பெட்டி டல்லாஸ் வரை டேக் போட்டிருக்கிறது, நான் ஏன் எடுக்க வேண்டும்?" என்று கேட்டிருந்தார். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, வெளியே உள்ள பெல்ட்டில் திரும்பப் போட வேண்டும். டேக் அப்படியே இருக்கும். இதற்கு இரண்டரை மணி நேரமாவது வையுங்கள்.

பின்சேர்க்கை 2: மயிலாடுதுறையிலிருந்து ஒரு அம்மா, தேதி ஏன் குழம்புகிறது என்று எழுதியிருந்தார். நடுக்கடலில் தேதிக்கோடு. போகும்போது காலை ஏறி அதே தேதியில் காலையே இறங்குவோம். திரும்பும்போது அந்த நாளைப் பிடுங்கிக்கொள்வார்கள். நாங்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு ஏறி ஞாயிறு காலை சிங்கப்பூரில் இறங்கினோம். அது புரட்டாசி. "சனிக்கிழமை எங்கடா போச்சு?" என்றாள் அம்மா. கலிபோர்னியா நேரப்படி தேதிக்கோடு வரும்வரை இருட்டிலேயே சில மணி நேரம் சனிக்கிழமை இருந்தது என்று விளக்கினேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஏவிஎம்எல் தட்டு இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டு, சிங்கப்பூர் வந்துதான் பல்லில் தண்ணீர் பட்டது. விரதம், திதி பார்க்கிறவர்கள் திரும்பும் டிக்கெட்டைப் பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள். அடுத்த தடவைக்கு அம்மா செவ்வாய்க்கிழமை ராத்திரி விமானம்தான் என்று சொல்லிவிட்டாள். புதன்கிழமை போனால் அவளுக்குப் பரவாயில்லையாம்.